லூவ்ரில் விழுந்த பிணம்... லண்டன் முதல் சென்னை வரை கோர்ட் ஏறிய நாவல்!

இரவு மணி 10.46. பாரிஸ் நகரின் லூவ்ர் மியூசியம். பார்வையாளர்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். ஓவியங்கள் வரிசைகட்டித் தொங்கும் அந்த நீண்ட கூடத்தில் தடுமாறியபடி ஓடி வருகிறார் 76 வயது முதியவர். கைக்கு எட்டிய ஓர் ஓவியத்தின் சட்டத்தைப் பிடித்து, இருக்கிற பலத்தை எல்லாம் திரட்டி இழுக்கிறார். ஓவியம் பெயர்ந்து அவர் மேலேயே விழுகிறது. அடுத்த நொடி, கூடத்தின் வாசலில் இரும்புக் கம்பிக் கதவு தடால் என இறங்குகிறது. எங்கோ அலாரம் அலறுகிறது.

துரத்தி வந்தவன் கதவுக்கு அந்தப் பக்கம். தப்பித்துவிட்டாரா? கம்பிகளுக்கு நடுவே ஆள் நுழைய முடியாது. ஆனால், துப்பாக்கிக் குழல் நுழையுமே!

வயிற்றில் குண்டு. உயிர் போவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்பது அந்தப் பெரியவருக்குத் தெரிகிறது. உதவிக்கு யாரும் வர முடியாது. அவரிடம் ஒரு ரகசியம் இருக்கிறது. அதை அறிந்த மற்ற மூன்று பேரும் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டார்கள். இந்தக் கால் மணி நேரத்தில், தன் பேத்திக்கு மட்டும் புரியும்படி அதை எப்படி விட்டுச் செல்வது?

'தி டாவின்சி கோட்' நாவலின் முதல் சில பக்கங்கள் இவை. 2003 மார்ச் மாதம் அமெரிக்காவில் வெளியாகி, 40-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போய், 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற புத்தகம். தமிழிலும் மொழிபெயர்ப்பாகக் கிடைக்கிறது. இதைப் படிக்காதவர்கள்கூட டாம் ஹாங்க்ஸ் நடித்த படத்தையாவது ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி-யில் பார்த்திருப்பார்கள்.

இந்தக் கொலை கற்பனை. கொல்லப்பட்டவர் கற்பனை. கொலைகாரனும் கற்பனை. ஆனால், கொலை நடந்த இடம் மட்டும் அப்பட்டமான நிஜம். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது!

தோற்றுப்போன பாடகர்

டான் பிரவுன் எழுத்தாளர் ஆவதற்கு முன்பு பாடகராக முயன்றவர். பாட்டெழுதி, மெட்டுப்போட்டு, ஹாலிவுட் பக்கமெல்லாம் சுற்றிப் பார்த்தார். எடுபடவில்லை. சொந்த ஊருக்குத் திரும்பி, தான் படித்த பள்ளியிலேயே ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தார். அப்பா அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். கணக்கும் இசையும் மதமும் ஒரே வீட்டில்! கிறிஸ்துமஸ் வந்தால், பரிசுப் பொருளை நேரடியாகக் கையில் கொடுக்க மாட்டாராம் அப்பா. சங்கேதக் குறிப்புகளை வீடு முழுக்க ஒளித்து வைத்து, பிள்ளைகளைத் தேடி அலையவிடுவாராம். பின்னாளில் அந்தப் பிள்ளை உலகத்தையே அப்படி அலையவிட்டது.

1990-களின் தொடக்கத்தில், விடுமுறைக்கு தஹிதித் தீவுக்குப் போன இடத்தில் சிட்னி ஷெல்டனின் நாவல் ஒன்று அவர் கையில் கிடைக்கிறது. படித்து முடித்ததும், 'இதை நாமும் எழுதலாமே' என்கிற எண்ணம். எழுதினார். ஒன்றல்ல, மூன்று நாவல்கள். மூன்றும் பெரிதாக விற்கவில்லை. நான்காவதுதான் இது. முதல் மூன்றும் விற்றதைவிட அதிகப் பிரதிகளை இந்த நாலாவது புத்தகத்துக்குப் பதிப்பகம் இலவசமாகவே கொடுத்தது. புத்தகக் கடைக்காரர்களும் விமர்சகர்களும் வெளியீட்டுக்கு முன்பே படிக்கட்டும் என்று சுமார் 10,000 பிரதிகளை அனுப்பிவைத்தார்கள். வெளியான முதல் வாரமே விற்பனைப் பட்டியலில் முதலிடம்.

எப்படி இந்த ஓட்டம்? நடையழகு என்று சொல்ல முடியாது. விமர்சகர்கள் பலர் அவருடைய வாக்கியங்களைப் பிய்த்துத் தோரணம் கட்டினார்கள். அந்தக் கேலியில் நியாயமும் உண்டு. ஆனால், 105 குட்டிக் குட்டி அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் ஒரு முடிச்சு. நம் வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. 'தொடரும்' போடுகிற இடம் தெரிந்தவர்தான் வாசகரைக் கட்டிப்போடுவார். டான் பிரவுனுக்கு அந்த இடம் தெரியும். கதை முழுக்க ஓர் இரவும் அடுத்த பகலுமாக முடிந்துவிடுகிறது. தூங்க நேரம் கிடைக்காமல் கதாநாயகன் ஓட, கூடவே நாமும் தூங்காமல் பக்கம் புரட்டுகிறோம்.

இன்னொன்று. கொலையாளி யார் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்! சைலஸ் என்கிற வெளிறிய தோல்கொண்ட துறவி. அவனை ஏவியது யார், எதற்காக என்பதுதான் மர்மம். அதை இங்கே உடைக்கப்போவதில்லை. படிக்காதவர்கள் நிம்மதியாக மேலே போகலாம்.

கூடத்துக்குள் ஒரு சுற்று

லூவ்ர் முதலில் கோட்டையாக இருந்தது. பிறகு அரண்மனை. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1793-ல் மக்களுக்கான மியூசியமாகத் திறந்துவிடப்பட்டது. சுமார் 35,000 பொருள்கள் பார்வைக்கு இருக்கின்றன. கொலை நடப்பதாகச் சொல்லப்படும் கிராண்ட் கேலரி, இத்தாலிய ஓவியங்கள் தொங்கும் கூடம். கால் கிலோமீட்டருக்கும் அதிக நீளம். அதற்குப் பக்கத்து அறையில்தான் மோனாலிசா. கதைக்கு இதைவிடப் பொருத்தமான மேடை கிடைக்காது.

செத்துக் கிடப்பவர் லூவ்ரின் காப்பாட்சியர் ழாக் சோனியேர். உடைகளைக் களைந்துவிட்டு, கை கால்களைப் பரப்பி, வட்டத்துக்குள் நிற்கும் மனிதனாக லியோனார்டோ வரைந்த அந்தப் பிரபலமான படத்தைப் போலவே தன் உடலை அமைத்துக்கொண்டு இறந்திருக்கிறார். தரையில், புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் மையில் சில எண்களும், எழுத்துகளை மாற்றிப்போட்டால் வேறு அர்த்தம் வரும் சொற்களும். ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் லாங்டனை நடுராத்திரியில் ஹோட்டலில் இருந்து எழுப்பி அழைத்து வருகிறது போலீஸ். உதவி கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைக்கிறார். உண்மையில் சந்தேகப் பட்டியலில் முதல் பெயரே அவருடையதுதான். அதை அவருக்குச் சொல்லிக் காப்பாற்றுகிறவர், சங்கேத எழுத்துத் துறையில் இருக்கும் போலீஸ்காரி சோஃபி. செத்தவரின் பேத்தி.

தரையில் இருக்கும் எண்கள், வரிசை கலைத்துப் போடப்பட்ட ஃபிபனாச்சி எண்கள். 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை. (இத்தாலியரான ஃபிபனாச்சி இதை எழுதியது 1202-ல். அதற்கு முன்பே நம் நாட்டில் ஹேமசந்திரர் போன்றவர்கள், செய்யுள் சந்தங்களை எண்ணும்போது இதே வரிசையைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். லாங்டன் அதைச் சொல்லவில்லை. நாம் சொல்லிக்கொள்வோம்!)

சரி, இதில் எவ்வளவு நிஜம்? வட்டத்துக்குள் நிற்கும் மனிதனின் அசல் படம் லூவ்ரில் இல்லை. வெனிஸ் நகரின் அகாதெமியா மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. லியோனார்டோ இறந்து 500 ஆண்டுகள் ஆனதையொட்டி 2019-ல் லூவ்ர் நடத்திய கண்காட்சிக்கு அது சில வாரங்கள் வந்துபோனது. அந்தக் கண்காட்சியைப் பார்க்க வந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல்.

கதையில் இன்னொரு காட்சி. காவலாளியின் துப்பாக்கியிடமிருந்து தப்பிக்க, சோஃபி லியோனார்டோவின் 'பாறைகளின் கன்னி' ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றி, தன் முன்னால் கேடயம் மாதிரி பிடித்துக்கொள்கிறாள். 'சுட்டால் ஓவியம் போகும்' என்கிற நிலைமை. காவலாளி பாவம், துப்பாக்கியைக் கீழே போட்டுவிடுகிறார். பிரமாதமான யோசனைதான். ஆனால், அந்த ஓவியம் ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம். நம் வீட்டு வாசல் கதவைக் கழற்றி ஒற்றை ஆளாக மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

மியூசியத்தின் முற்றத்தில் நிற்கும் கண்ணாடிப் பிரமிடில் மொத்தம் 666 கண்ணாடிகள் என்கிறது நாவல். கிறிஸ்தவ மரபில் 666 சாத்தானின் எண் ஆயிற்றே, சிலிர்க்காமல் இருக்குமா? லூவ்ர் சொல்லும் கணக்கு 673. சீன வம்சாவளி அமெரிக்கரான ஐ.எம்.பெய் வடிவமைத்து 1989-ல் திறக்கப்பட்ட பிரமிடு அது. அரண்மனைக்கு நடுவே கண்ணாடிக் கூம்பா என்று அப்போது பாரிஸே கொதித்தது. இன்று அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை.

இதெல்லாம் சின்னச் சின்ன சறுக்கல்கள். கதை எழுதுபவருக்கு இந்த உரிமைகூட இல்லையா என்று கேட்கலாம். உண்டு. என் வருத்தம் வேறு இடத்தில்.

அந்த ஒற்றைப் பக்கம்

நாவல் தொடங்குவதற்கு முன்பு, 'உண்மை' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் இருக்கிறது. சியோன் மடம் என்கிற ரகசிய அமைப்பு 1099-ல் தொடங்கப்பட்ட நிஜ அமைப்பு என்று அது சொல்கிறது. கதையில் வரும் ஓவியங்கள், கட்டடங்கள், ஆவணங்கள், ரகசியச் சடங்குகள் பற்றிய வர்ணனைகள் எல்லாம் துல்லியமானவை என்றும் சொல்கிறது. லட்சக்கணக்கானவர்கள் இந்தக் கதையைச் சரித்திரமாக எடுத்துக்கொண்டதற்கு இந்த ஒரு பக்கம் போதும்.

சியோன் மடத்தின் நிஜக் கதை, நாவலைவிடச் சுவாரஸ்யம். 1956-ல் பியேர் பிளாந்தார் என்கிற பிரெஞ்சுக்காரர், சுவிட்சர்லாந்து எல்லையோர ஊர் ஒன்றில் நண்பர்களோடு சேர்ந்து பதிவு செய்த சங்கம் அது! தன்னைப் பழைய பிரெஞ்சு ராஜ வம்சத்தின் வாரிசு என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர் பிளாந்தார். 1960-களில் அவரும் கூட்டாளிகளும் போலி ஆவணங்களைத் தயாரித்து, பிரான்ஸ் தேசிய நூலகத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சங்கத்தின் தலைவர்களாக நியூட்டன், லியோனார்டோ என்று பெரிய பெரிய பெயர்கள். நூலகத்தில் இருக்கிறது என்றால் நம்பாமல் இருப்பார்களா? பிற்பாடு பித்தலாட்டம் வெளியே வந்தது. டான் பிரவுன் எழுத உட்கார்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சுப் பத்திரிகையாளர்கள் இதை உடைத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் 'உண்மை' என்று அச்சிட்டதைச் சாதாரண சறுக்கலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால், கதையின் மையம் கோடிக்கணக்கானவர்களின் நம்பிக்கையைத் தொடுகிறது. இயேசுவுக்கும் மகதலேனா மரியாளுக்கும் திருமணம் நடந்தது, வம்சம் தொடர்கிறது, திருச்சபை அதை மறைத்தது என்பதுதான் நாவலின் ரகசியம். 'கடைசி இராவுணவு' ஓவியத்தில் இயேசுவின் அருகில் இருப்பது பெண் என்கிறது கதை. அவர் யோவான் என்கிறார்கள் கலை வரலாற்று அறிஞர்கள். அந்தக் கால இத்தாலிய ஓவியங்களில், சீடர்களில் இளையவரான யோவானை மீசை தாடி இல்லாமல், நீண்ட கூந்தலோடு மென்மையாக வரைவதுதான் வழக்கம். லியோனார்டோ மட்டும் செய்த காரியம் அல்ல அது.

'ஓபஸ் டெய்' என்கிற கத்தோலிக்க அமைப்பும் கதையில் சொந்தப் பெயரிலேயே வருகிறது. கொலைகாரத் துறவி சைலஸ் அதைச் சேர்ந்தவன். 1928-ல் ஸ்பெயினில் தொடங்கிய அந்த அமைப்பில் நிஜத்தில் மடத்துத் துறவிகளே கிடையாது. உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள்.

பாரிஸில் சேன்-சுல்பீஸ் தேவாலயத்துக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். தரையில் பித்தளைக் கோடும், கோடு முடியும் இடத்தில் உயரமான கல் தூணும் அங்கே உண்டு. ஜன்னல் துளை வழியே விழும் வெயில் எந்த நாளில் கோட்டின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்த்து, ஈஸ்டர் தேதிக்குத் தேவையான வானியல் கணக்கைப் போடுவதற்காக 18-ம் நூற்றாண்டில் அமைத்தது. நாவலில் அது பழைய பேகன் கோயிலின் மிச்சம். அதற்கடியில் ரகசியம் இருப்பதாக நம்பி, சைலஸ் நடுராத்திரியில் தரையை உடைக்கிறான். புத்தகம் வந்த பிறகு அந்தக் கோட்டைத் தேடி வந்தவர்கள் கூட்டம் தாங்காமல், தேவாலயத்தில் அறிவிப்பே மாட்டிவிட்டார்கள். சமீபத்தில் அதிகம் விற்ற நாவல் சொல்வது போல இது பேகன் கோயிலின் மிச்சம் அல்ல. ஜன்னலில் இருக்கும் பி, எஸ் எழுத்துகள் புனிதர்களான பேதுரு, சுல்பீஸ் இருவரையும் குறிப்பவை. ரகசியச் சங்கத்தை அல்ல என்று விளக்கம். சாமி கும்பிட வரும் இடத்தில், நாவலுக்குத் திருத்தம் போட வேண்டிய நிலை!

ஜட்ஜ் வைத்த புதிர்

பணம் கொட்டினால் வழக்கு வராமல் இருக்குமா? 1982-ல் மைக்கேல் பேஜன்ட், ரிச்சர்ட் லீ, ஹென்றி லிங்கன் மூவரும் சேர்ந்து ஓர் ஆய்வுப் புத்தகம் எழுதியிருந்தார்கள். இயேசுவின் வம்சம், சியோன் மடம் எல்லாம் அதில் உண்டு. 'எங்கள் புத்தகத்தின் அடிப்படையையே எடுத்துக்கொண்டார்' என்று முதல் இருவரும் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மூன்றாமவர் ஒதுங்கிக்கொண்டார்.

நாவலில் லீ டீபிங் என்று ஒரு கதாபாத்திரம் உண்டு. 'லீ' என்பது ரிச்சர்ட் லீயின் பெயர். 'டீபிங்' என்பதன் ஆங்கில எழுத்துகளை மாற்றிப்போட்டால் 'பேஜன்ட்' வந்துவிடும். அவர்களுடைய புத்தகத்தின் பெயரையும் கதைக்குள்ளேயே குறிப்பிடுகிறார் பிரவுன். ஒளித்துத் திருடுகிறவர் இப்படியா பெயர் எழுதி வைப்பார்?

2006 ஏப்ரலில் நீதிபதி பீட்டர் ஸ்மித் தீர்ப்புச் சொன்னார். பிரவுன் ஜெயித்தார். சரித்திரம் என்று சொல்லி எழுதிய பொதுவான கருத்துகளுக்கு யாரும் தனிச் சொத்துரிமை கொண்டாட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். நாவலாசிரியர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். தோற்றவர்கள் தலையில் பெரும் வழக்குச் செலவு. ஆனால், வழக்கு நடந்த நாள்களில் அவர்களுடைய பழைய புத்தகம் சூடாக விற்றது. வேடிக்கை, இரண்டு புத்தகங்களையும் வெளியிட்டது ஒரே பதிப்பகக் குழுமம்தான்!

கதை இதோடு முடியவில்லை. தீர்ப்பு வெளியாகிச் சில வாரங்கள் கழித்து லண்டன் வழக்கறிஞர் ஒருவர் கண்ணில் விநோதம் ஒன்று பட்டது. தீர்ப்பின் வாக்கியங்களுக்கு நடுவே அங்கங்கே ஓர் எழுத்து மட்டும் சாய்வெழுத்தில் இருந்தது. அச்சுப் பிழையா? முதல் சில எழுத்துகளைக் கோத்தால் 'ஸ்மித்தி கோட்' என்று வந்தது. ஜட்ஜே தீர்ப்புக்குள் புதிர் வைத்திருந்தார்! ஃபிபனாச்சி எண்களை வைத்து அவிழ்த்தபோது, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜாக்கி ஃபிஷர், அவருடைய 'டிரெட்நாட்' போர்க்கப்பல் பற்றிய குறிப்பு வெளிவந்தது. அந்தக் கப்பல் கடலில் இறங்கி அப்போது 100 ஆண்டு. கப்பற்படை வரலாற்றில் ஜட்ஜுக்கு அவ்வளவு ஆர்வம்.

சென்னையில் என்ன நடந்தது?

அதே 2006-ல் படம் வந்தது. ரான் ஹோவர்ட் இயக்கம், டாம் ஹாங்க்ஸ், ஆட்ரி டோட்டூ. கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. இந்தியத் தணிக்கை வாரியம் 'ஏ' சான்றிதழ் கொடுத்து, இது கற்பனைக் கதை என்கிற அறிவிப்போடு திரையிட அனுமதித்தது. ஆனாலும் சில மாநிலங்கள் தடுத்தன. அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படலாம் என்று சொல்லி, படத்தின் திரையிடலை நிறுத்திவைத்தது அரசு.

படத்தை விநியோகித்த நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. வழக்கை விசாரித்த நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், அரசின் உத்தரவை ரத்து செய்தார். தணிக்கை வாரியம் பார்த்து அனுமதித்த படத்தை, பிரச்னை வரலாம் என்கிற அச்சத்தை மட்டும் காட்டி நிறுத்த முடியாது என்பதுதான் அடிப்படை. இந்த மாதிரி வழக்குகளுக்கெல்லாம் வழிகாட்டியாக இருப்பது, ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றி 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் நினைவிருக்கிறதா? போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்கிற மிரட்டலுக்குப் பயந்து கருத்துரிமையைப் பறிக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுக்க வேண்டியது அரசின் கடமை என்று அதில் சொல்லியிருந்தது உச்ச நீதிமன்றம். பாரிஸ் மியூசியக் கொலையும் தமிழ்க் கிராமத்துக் கதையும் சட்டப் புத்தகத்தில் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன.

என்னைக் கேட்டால், மனம் புண்பட்டவர்களின் கோபத்திலும் நியாயம் உண்டு, நீதிமன்றம் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஒரு 'உண்மை'ப் பக்கத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தால் பாதிக் கோபம் வந்தே இருக்காது. அதே சமயம், புத்தகத்துக்குப் பதில் சொல்ல நூற்றுக்கணக்கான புத்தகங்களும் கூட்டங்களும் பாதிரியார்களின் பிரசங்கங்களும் வந்தனவே, அந்தப் பதில்கள்தான் மக்களை உண்மையைத் தேடிப் போக வைத்தன. படத்தை நிறுத்தியிருந்தால் அந்தத் தேடல் நடந்திருக்குமா?

கதவைத் திறந்த லூவ்ர்

சேன்-சுல்பீஸ் தேவாலயம் படப்பிடிப்புக்கு அனுமதி தரவில்லை. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் முடியாது என்றுவிட்டது. அந்தக் காட்சிகளை லிங்கன் நகரத்து கதீட்ரலில் எடுத்தார்கள். லூவ்ர் மட்டும் கதவைத் திறந்துவிட்டது. பார்வையாளர் இல்லாத இரவுகளில் கிராண்ட் கேலரியிலேயே கேமரா ஓடியது. மோனாலிசா மேல் மட்டும் சினிமா விளக்கு விழக் கூடாது. அதனால் படத்தில் நீங்கள் பார்ப்பது நகல்.

தன் காப்பாட்சியரைக் கொன்ற கதைக்கு லூவ்ரே வரவேற்பு கொடுத்தது ஏன்? சுற்றுலாக்காரர்கள் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களை விரட்டுவதைவிட வழிகாட்டுவது மேல் என்று மியூசியம் முடிவெடுத்தது. கதை எது, நிஜம் எது என்று விளக்கும் ஆடியோ கைடைக் கொண்டுவந்தார்கள். குரல் கொடுத்தவர், படத்தில் போலீஸ் அதிகாரியாக நடித்த ஷான் ரெனோ! ஸ்காட்லாந்தில் கதை போய் நிற்கும் ராஸ்லின் என்கிற சின்னத் தேவாலயத்துக்கும் பார்வையாளர்கள் பல மடங்கு பெருகினார்கள். பழுதுபார்க்கப் பணம் இல்லாமல் தவித்த கட்டடத்துக்கு அந்த டிக்கெட் காசு பெரிய உதவி.

லூவ்ருக்குக் கற்பனைக் கொலை புதிதும் அல்ல. 1927-லேயே ஆர்தர் பெர்னேட் எழுதிய 'பெல்ஃபெகோர்' கதையில், முகமூடி அணிந்த பேயுருவம் ஒன்று இரவில் லூவ்ர் கூடங்களில் உலவும். காவலாளி ஒருவரின் உயிரும் போகும். 1965-ல் அது டி.வி தொடராக வந்தபோது பிரான்ஸே வீட்டுக்குள் முடங்கியது. நெட்ஃபிளிக்ஸில் 'லூப்பன்' பார்த்தவர்களுக்கும் தெரியும், அது தொடங்குவதே லூவ்ரில் நடக்கும் நகைத் திருட்டில்தான்.

நாவல் சொன்ன பூட்டு

நாவலின் முதல் காட்சிக்குத் திரும்பலாம். இரும்புக் கதவு இறங்கியதல்லவா? அதற்கு ஒரு விளக்கமும் தருகிறார் டான் பிரவுன். இவ்வளவு பெரிய மியூசியத்தை கேமரா வைத்துக் கண்காணிக்க நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும், அது நடக்காத காரியம். அதனால் திருடன் உள்ளே வருவதைத் தடுப்பதைவிட, வெளியே போகவிடாமல் அடைப்பதுதான் வழி என்பது கதையின் வாதம்.

நிஜத்தில் லூவ்ர் திருடர்கள் சுலபமாகவே வெளியே போயிருக்கிறார்கள். 1911 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. அன்று மியூசியத்துக்கு விடுமுறை. அங்கே முன்பு கண்ணாடிச் சட்டம் மாட்டும் வேலை பார்த்த இத்தாலியர் வின்சென்சோ பெருஜியா, மோனாலிசாவைச் சுவரிலிருந்து எடுத்து, வேலைக்காரர்கள் போடும் மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு நடந்தே போய்விட்டார். 77 சென்டிமீட்டருக்கு 53 சென்டிமீட்டர் மரப்பலகைதானே! காணாமல் போனது தெரியவந்ததே மறுநாள்தான். கவிஞர் அப்போலினேரைக் கைது செய்தார்கள். பிக்காசோவைக்கூட விசாரித்தார்கள். ஓவியம் இல்லாத வெற்றுச் சுவரைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்து, ஃபிளாரன்ஸில் விற்க முயன்றபோது பெருஜியா பிடிபட்டார்.

2025 அக்டோபர் 19. ஞாயிற்றுக்கிழமை காலை, மியூசியம் திறந்து சுமார் அரை மணி நேரம். மாடி வீடுகளுக்குச் சாமான் ஏற்றும் ஏணி பொருத்திய லாரி ஒன்று நதியோரச் சாலையில் வந்து நின்றது. அதில் ஏறி பால்கனிக்குப் போய், ஜன்னலை அறுத்து, அப்போலோ கூடத்துக்குள் நுழைந்தார்கள். பிரெஞ்சு அரச குடும்பத்து நகைகள் 8. மதிப்பு 8.8 கோடி யூரோ. மொத்த வேலையும் 8 நிமிடத்துக்குள். ஓடும் அவசரத்தில் பேரரசி யூஜினியின் கிரீடத்தை மட்டும் கீழே போட்டு நசுக்கிவிட்டுப் போனார்கள். எந்த இரும்புக் கதவும் அவர்களை உள்ளே அடைக்கவில்லை. அந்தப் பால்கனியைப் பார்த்து வெளிப்புற கேமராகூட இல்லை என்று மியூசியத்தின் இயக்குநரே பிரெஞ்சு செனட்டில் ஒப்புக்கொண்டார். சம்பவம் நடந்தது, நாவலில் கொலை விழுந்த அதே டெனோன் பகுதியில்தான். மோனாலிசா அறையிலிருந்து சில நிமிட நடை.

பாரிஸ் போகும் யோகம் வாய்த்தால் செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், லூவ்ருக்கு இப்போது அன்றுதான் விடுமுறை. கிராண்ட் கேலரியில் சோனியேர் விழுந்த இடம் என்று எதுவும் குறித்து வைக்கப்படவில்லை. ஆனால், அங்கிருந்து இறங்கி, பக்கத்தில் தரைக்கடியில் இருக்கும் கடைத்தெருவுக்குப் போனால், தலைகீழாகத் தொங்கும் கண்ணாடிப் பிரமிடைப் பார்க்கலாம். அதன் நுனிக்கு நேர் கீழே, இடுப்பளவு உயரத்தில் ஒரு குட்டிக் கல் பிரமிடு. நாவல் முடிகிற இடம் அதுதான். லாங்டன் அங்கே மண்டியிடுகிறார். எதற்கு என்பது 105 அத்தியாயத்தையும் தாண்டி வருகிறவர்களுக்கு!